செந்தாமரையின் அம்மா

எங்கள் லைன் வீட்டுக் குழாயடியில் யாராவது கோவிந்தம்மாவைப் பொய்க்காரி என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றுவிடுவேன். சொல்கிற வாய்களுக்கெல்லாம் வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கின்றன. வயிறு நிறைந்தவளுக்குப் பசியைப் பற்றி என்ன தெரியும்? அவள் சொன்னது பொய்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொய்யை அவள் வாயிலிருந்து பிடுங்கியது யார் என்று திருப்பிக் கேட்டால் ஒவ்வொருத்தியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள்.

என் பெயர் மெர்சி. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. என் பிள்ளைகள் இருவரும் வளர்ந்து, ஆளுக்கொரு ஊரில் வேலையில் இருக்கிறார்கள். மாத்தூரில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளில் ஒன்று என்னுடையது. பக்கத்து அறை கோவிந்தம்மாவுடையது. இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறாள். முன்பு பிள்ளை பார்த்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் வந்தவாசிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்கவில்லை என்று புருஷன் இவளுக்குச் சொல்லாமலே இன்னொருத்தியைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். ஆரத்தித் தட்டை இவள் கையிலேயே கொடுத்தாளாம் மாமியார்க்காரி.

"எடுத்தியா?" என்று கேட்டேன்.

"எட்தேன்க்கா. எட்து முடிச்சி, தட்ட கீழ வெச்சிட்டு, அப்டியே பஸ் ஏறிட்டேன்."

"தட்ட அவன் மண்டையில போட்டுட்டு ஏறிகிறதுதானே!" என்றேன். அவள் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்க வரும். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் அழுதுகொண்டிருந்தவள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஒரகடத்துக்குப் போனால் வேலைக்குப் பஞ்சமில்லை என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, கம்பெனி கம்பெனியாக வாசலில் நின்றாள். கான்ட்ராக்ட் ஆள் ஒருவன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லைன்ல நிக்கணும்னா பதினெட்டு இருபது வயசுப் பொண்ணுங்கதான்க்கா எடுப்போம். நீ வேற எங்கனா பாரு" என்றானாம். முப்பத்தைந்து வயது இந்த ரோட்டில் கிழவி வயது.

அப்போதுதான் பக்கத்தில் இருக்கிற ஒரு அப்பார்ட்மென்ட்டின் வாட்ச்மேன் பலராமன் ஒரு யோசனை சொன்னார். அங்கே பாதி வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். "போய்க் கேளும்மா, நா சொன்னேன்னு சொல்லு" என்று மூன்று வீட்டு நம்பர் கொடுத்தார்.

மூன்று வீட்டிலும் ஒரே கேள்வி. ஊர் எது என்பதற்கு முன்னால், சமைக்கத் தெரியுமா என்பதற்கு முன்னால், "உனக்கு எத்தன பசங்க?" இவள் உள்ளதைச் சொன்னாள். ஒரு வீட்டில் "போன் பண்றோம்" என்றார்கள். இன்னொரு வீட்டில் அதுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில் பாட்டிக்காரி ஒருத்தி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தவள், இவள் "இல்லீங்க" என்று சொன்ன வாயை மூடுவதற்குள் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாளாம். இவள் படி இறங்கும்போது உள்ளே உப்பும் மிளகாயும் அடுப்பில் வெடிக்கிற சத்தமும் நெடியும் வந்ததாம்.

"நா தொடக்கூட இல்லக்கா. பாத்தேன். அவ்ளோதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பிள்ளை பெற்றவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாளாம் என்று பழமொழி சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஜனங்கள் நாம். பெருமூச்சு விடக்கூட அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை.

பலராமன் நான்காவதாக ஒரு வீட்டுக்கு அனுப்பினார். சுகப்பிரியா, ஹேமந்த் என்று சின்ன வயசு ஜோடி. டிப்ளமோ படித்து, அவள் ஒரு கம்பெனியில் லைன் லீடர், அவன் வேறொன்றில் குவாலிட்டியில். பையன் பெயர் பகலவன். பல் முளைக்காத பயல். சுகப்பிரியா தரையில் உட்காரவைக்காமல் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அதே கேள்வியை மரியாதையாகக் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனை பசங்கக்கா?"

கோவிந்தம்மா தொட்டிலைப் பார்த்தாளாம். பயல் கொட்டாவி விட்டானாம்.

"ஒரு பொண்ணு" என்றாள்.

"பேரு?"

"செந்தாமரை. ஆறாவது படிக்கிறா. ஊர்ல எங்க அக்கா வூட்ல வுட்டுட்டு வந்துகீறேன்."

அந்தப் பெயரை அவள் அங்கே உட்கார்ந்து யோசிக்கவில்லை. கல்யாணமான முதல் வருஷமே பெண் பிறந்தால் செந்தாமரை என்று மனசுக்குள் வைத்திருந்தாளாம், புருஷனிடம்கூடச் சொல்லாமல். அந்த வருஷம் பிறந்திருந்தால் இப்போது ஆறாவதுதான் படித்துக்கொண்டிருப்பாள். கணக்கு சரியாக இருந்தது.

சாயங்காலம் வந்து சொன்னாள். "அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். "ஒரு பொய்ய காப்பாத்த ஒம்போது பொய் சொல்லணும்டி. தாங்குமா உனக்கு?"

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்னு சொல்லிகிறாங்களே. நா ஒண்ணே ஒண்ணுதான்க்கா சொன்னேன்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மெர்சிக்கா, கொழந்தைய எப்டி குளிப்பாட்டணும்?" என்று கேட்டாள்.

ஒரு பிள்ளைக்குத் தாய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், மறுநாள் காலையில் அந்த வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குழம்புக்கு வாங்கி வைத்திருந்த பரங்கிக்காயை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனோம். காலை நீட்டி உட்காரச் சொல்லி, பரங்கிக்காயை அவள் முழங்கால் மேல் குப்புறப் போட்டேன். "கழுத்துக்குக் கை குடுடி, தொங்குது பாரு! மூக்குல தண்ணி போவுது!" என்று நான் கத்த, அவள் பரங்கிக்காய்க்குச் செல்லம் கொஞ்சிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். கடைசியில் துண்டில் சுற்றி என்னிடம் நீட்டி, "புடி, உன் பேத்திய" என்றாள். அன்றைக்குச் சிரித்த மாதிரி நாங்கள் சிரித்ததில்லை. சிரித்து முடித்து அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

பகலவன் அவளிடம் ஒட்டிக்கொண்டான். அவள் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம். தவழ்ந்தான், நின்றான், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எல்லாவற்றையும் அவள்தான் முதலில் பார்த்தாள். பெற்றவள் ஷிப்ட் முடிந்து வந்ததும், அப்போதுதான் நடக்கிறதுபோல, "பாரும்மா, பாரும்மா, நிக்கிறான்!" என்று காட்டுவாளாம். முதலில் பார்த்த பாக்கியம் பெற்றவளுக்கு இருக்கட்டும் என்று. இதை எந்தப் பொய்க் கணக்கில் சேர்ப்பீர்கள்?

சாயங்காலம் வீடு திரும்பினால் பகலவன் பேச்சுதான். புடவையெல்லாம் அவன் எச்சில் வாசனை. "இவன வுட்டு இனிமே என்னால இருக்க முடியாதுக்கா. அந்தப் பொய் தெரிஞ்சா அன்னிக்கே என்னைத் தொரத்திடுவாங்க. அத நெனச்சாதான் பயமா கீது" என்பாள். வேலை போய்விடும் என்ற பயமில்லை அது. வேலை வேறு கிடைக்கும்.

கஷ்டம் எங்கிருந்து வந்ததென்றால், சுகப்பிரியா நல்லவளாக இருந்ததிலிருந்து வந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் வேலைக்காரியின் பெண்ணைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? இவள் கேட்டாள். செந்தாமரை நன்றாகப் படிக்கிறாளா, முடி நீளமா, உன் நிறமா அப்பா நிறமா? போட்டோ காட்டச் சொன்னாள். கோவிந்தம்மாவிடம் இருந்தது பட்டன் போன், தப்பித்தாள். தீபாவளிக்குச் சுடிதார் எடுக்க உயரம் கேட்டாள். இவள் அடுத்த நாள் அரசுப் பள்ளி விடும் நேரத்துக்குப் போய் ரோட்டோரம் நின்று, ஆறாவது பிள்ளைகள் தன் தோளுக்கு எவ்வளவு வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாள். சுடிதார் வந்தது. பொங்கலுக்கு வளையல், பொட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது.

"யாருக்கனா குடுத்துடுடி, எதுக்கு வெச்சிகினு கீற?" என்று நான் சத்தம் போட்டேன்.

"அவளுதுக்கா" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றி என்னிடமே பேச ஆரம்பித்தாள். செந்தாமரைக்குக் கத்தரிக்காய் பிடிக்காதாம். கோபம் வந்தால் பேசமாட்டாளாம், பாத்திரத்தை மட்டும் டங்கு டங்கென்று வைப்பாளாம். "வாய மூடு, பைத்தியம் புடிச்சிடப் போவுது" என்று திட்டுவேன். திட்டிவிட்டு, சில நாள் நானே, "அப்பறம் இன்னா சொல்றா உன் பொண்ணு?" என்று கேட்டுமிருக்கிறேன். என் இரண்டும் ஆண்பிள்ளைகள். பெண் பிள்ளை பேச்சு காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

கோடை விடுமுறை வந்தது. "என்னக்கா, பசங்களுக்கு லீவு விட்டாச்சே, பொண்ணைப் பாக்க ஊருக்குப் போகலையா?" என்றாள் சுகப்பிரியா. போகாவிட்டால் என்ன தாய்? ஒரு வாரம் லீவு கொடுத்து, பழமும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினாள். கோவிந்தம்மா ஊருக்கு எங்கே போவாள்? யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அந்தத் தகர ஷீட் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வெயிலில் வெந்தாள். நான் வேலை விட்டு வரும்போது அப்பார்ட்மென்ட் வழியாக வரவேண்டும், பகலவன் பால்கனியில் தெரிகிறானா என்று பார்த்துச் சொல்லவேண்டும். "சாப்ட்ட மூஞ்சா கீதா? எளச்சிட்டானா?" ஒரு நாள், பயல் ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியின் இடுப்பில் இருந்து வீரிட்டு அழுதுகொண்டிருந்தான் என்று சொன்னேன். அழுதானா, அழுதானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சந்தோஷத்தில் இவளும் அழுதாள்.

திரும்பிப் போனவளின் காய்ந்த முகத்தைப் பார்த்து சுகப்பிரியாவுக்கு மனசு இளகிப்போனது. "பொண்ணை விட்டுட்டு வந்த ஏக்கம் உங்க முகத்துலயே தெரியுதுக்கா" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். மறுநாளே ஹேமந்திடம் பேசி, தெரிந்த வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு இடம் சொல்லி வைத்துவிட்டாள். "டிசி மட்டும் வாங்கினு வந்தா போதும். நம்ம வீட்டுப் பின்னாடி ரூம் சும்மாதானே இருக்கு, ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்றாள்.

"எங்க அக்கா அனுப்பமாட்டா" என்று சொல்லிப் பார்த்தாள் கோவிந்தம்மா. "நா பேசறேன்." "பொண்ணு அங்கயே பழகிட்டா." "கொழந்தைக்கு அம்மா கூடக் கசக்குமா?" எல்லாக் கதவையும் அன்பாலேயே அடைத்தாள் அந்தப் பெண்.

கடைசிக் கதவை அடைத்தது சுகப்பிரியாவின் மாமியார் மரகதம். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவாசியில் அவர்கள் உறவில் ஒரு கல்யாணம். அதற்காக மரகதம் முன்னாடியே வந்து தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை கோவிந்தம்மா வேலைக்குப் போனதும் அவளைக் கூப்பிட்டு, "கல்யாணம் முடிச்சிட்டு நேரா உங்க வூட்டுக்கு வந்து பொண்ண கையோட கார்ல இட்டுகினு வந்துடறோம். உங்க ஊரு பக்கத்து ஊருதான் எங்க சம்பந்தி வூடு. தெரு பேரு சொல்லு, இப்பவே போன் போட்டு பொண்ண ரெடியா இருக்கச் சொல்றேன்" என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

போன் போனால் அரை மணியில் எல்லாம் வெளியே வந்துவிடும். இடுப்பில் பகலவன் இருந்தான். அவனைத் தரையில் இறக்கி விட்டாள்.

"வோணாம்மா. போன் போடாத. அவ இல்ல" என்றாள். "செந்தாமரை இல்லம்மா. மூள காய்ச்சல். காலையிலதான் சேதி வந்துச்சி. போய்ட்டா."

ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று பிற்பாடு கேட்டேன். "வளந்துகினே போறாளேக்கா. இன்னிக்கு இஸ்கூலு. நாளைக்கு வயசுக்கு வந்துட்டாளான்னு கேப்பாங்க. சடங்குக்கு வருவாங்க. அப்பறம் மாப்ள பாப்பாங்க. நா எங்க போவேன்? செத்துட்டான்னு சொல்லிட்டா யாரும் எதுவும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

கேட்கமாட்டார்கள். சரிதான். ஆனால் வருவார்களே! நல்லதுக்கு அழைத்தால் போகணும், கெட்டதுக்கு அழைக்காமலே போகணும் என்பது தாய்ப்பாலோடு குடித்த பாடம். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பு உண்டு, சாவுக்குப் போகாவிட்டால் ஏழு தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். கம்பெனிக்காரர்கள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள் என்று இந்தப் பேதை எப்படி நினைத்தாள்? அந்த வீடும் நம்ம ஜனங்கள் வீடுதானே. சுகப்பிரியா இவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். ஹேமந்த் ஷிப்டுக்குப் போட்ட சட்டையைக் கழற்றி மாற்றினான். கைக்குழந்தையைச் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று மரகதம் பகலவனை வைத்துக்கொண்டாள். கார் எங்கள் லைன் வாசலில் வந்து நின்றது.

எனக்கு அன்றைக்கு வார லீவு. வெளியே சத்தம் கேட்டு வந்தால், சுகப்பிரியா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "செந்தாமரை போயிட்டாளாம்க்கா. கூட நீங்களும் வாங்க, பெரியவங்க ஒருத்தர் வேணும்." ஏசப்பா, இது என்ன கூத்து என்று கோவிந்தம்மாவைப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து அறைக்காரிகளெல்லாம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் என்ன சொல்லமுடியும்? செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

பின் சீட்டில் நடுவில் கோவிந்தம்மா, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சுகப்பிரியா. வண்டி கிளம்பியதும் கோவிந்தம்மா அழ ஆரம்பித்தாள். ஓவராகப் போகிறாளே என்று தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் என் கை தானாகக் கீழே விழுந்துவிட்டது. அவள் நடிக்கவில்லை. செந்தாமரை செத்துத்தான் போயிருந்தாள். கத்தரிக்காய் பிடிக்காத, பாத்திரத்தை டங்கென்று வைக்கிற அந்தப் பெண்ணை இவள்தான் காலையில் தன் வாயாலேயே கொன்றுவிட்டு வந்திருந்தாள்.

வாலாஜாபாத்தில் வண்டியை நிறுத்தி ஹேமந்த் மாலை வாங்கினான். பெரிய ரோஜா மாலை. சுகப்பிரியா எதிர்த்த துணிக்கடைக்குப் போனவள் திரும்பி வந்து, ஜன்னல் வழியாகக் குனிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்:

"கன்னிப் பொண்ணுக்கா. பட்டுப் பாவாடை சாத்தி அனுப்பணும். அவளுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

"மாம்பழக் கலரு" என்றாள் கோவிந்தம்மா.

மாம்பழக் கலர் பட்டுப் பாவாடை வந்தது. அதை மடியில் வாங்கியதும் இவள் அழுகை நின்றுபோயிற்று. பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை அதன் சரிகையைத் தடவிக்கொண்டே வந்தாள். தாண்டி, ஒரு ஏரிக்கரை ஓரமாக ரோடு வளைகிற இடத்தில், "தம்பி, வண்டிய நிறுத்துப்பா" என்றாள்.

வாந்தி வருகிறதோ என்று ஹேமந்த் சட்டென்று நிறுத்தினான்.

"போவ வோணாம்ப்பா. அங்க யாரும் இல்ல."

"எடுத்துட்டாங்களா?" என்றாள் சுகப்பிரியா. "நாம வர்றதுக்குள்ள எப்படிக்கா எடுப்பாங்க? பெத்தவ முகத்தைப் பாக்க வேணாமா?"

"நா பெக்கலம்மா." பாவாடையைச் சுகப்பிரியாவின் மடியில் வைத்தாள். "எனக்குப் பொண்ணு கெடையாது. எனக்குப் புள்ளையே பொறக்கல. நீ கேட்டப்ப வாயில வந்துடிச்சி. உள்ளதச் சொன்னா யாரும் கொழந்தய கையில குடுக்கலம்மா. அப்பறம் உன் புள்ளைய வுட்டுப் போவ மனசு வரல. அவ்ளோதான். நீ என்னா திட்டினாலும் திட்டு."

ஹேமந்த் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். திட்டுவாள் என்று நான் தயாராக இருந்தேன். திட்டினால் நானும் இரண்டு வார்த்தை பேசி, காலில் விழச்சொல்லி, அழுது, எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். சுகப்பிரியா திட்டவில்லை. இவள் மேல் பட்டுக்கொண்டிருந்த தன் தோளை மெதுவாக இழுத்துக்கொண்டு, கதவு ஓரமாக நகர்ந்தாள். போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டாள்.

"அத்தை, பாப்பா என்ன பண்றான்? தூங்கறானா? உடம்பு சூடா இருக்கா, தொட்டுப் பாருங்க. இல்ல, ஒண்ணுமில்ல... உப்பு மிளகாய் எடுத்து அவனுக்குச் சுத்திப் போட்டுடுங்க. இப்பவே. நா வந்து சொல்றேன்."

கோவிந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இடையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணுதானே! நீ ஷிப்டுக்குப் போன நேரமெல்லாம் இவ இடுப்புலதானே வளந்தான்? எந்தக் கண்ணு பட்டுச்சி அவனுக்கு? ஒரு நாள் சளி புடிச்சிருக்குமா?"

சுகப்பிரியா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எனக்கும் தெரியும்க்கா. தப்புன்னு தெரியும். ஆனா பயமா இருக்கே, நா என்ன பண்ணட்டும்? ஒரே பிள்ளைக்கா." அவள் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவளை முழுசாக வெறுக்க இன்றைக்கும் என்னால் முடியவில்லை.

"நீ அழாதம்மா" என்றாள் கோவிந்தம்மா. "புள்ள வெச்சிகீறவங்களுக்குப் பயம் இருக்கும்தான்." என்னைத் தாண்டிக் கதவைத் திறந்து இறங்கினாள். நானும் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டிலாவது விடுகிறேன் என்று ஹேமந்த் கூப்பிட்டான். இவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு அவனும் இறங்கி, டிக்கியிலிருந்து மாலையையும், சீட்டிலிருந்து பாவாடையையும் எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. சாவுக்கு வாங்கினது... குழந்தை இருக்கற வீட்டுக்கு எடுத்துனு போக முடியாது" என்று புல்லின் மேல் வைத்தான். இவள் பக்கம் பார்க்காமலே போய் வண்டியைத் திருப்பினான்.

வண்டி போனதும் கோவிந்தம்மா ஏரிக்கரைச் சரிவில் உட்கார்ந்தாள். பாவாடையைப் பிரித்து மடியில் பரப்பினாள். உயரம் சரியாகத்தான் எடுத்திருந்தாள் சுகப்பிரியா. மாலையை அதன் மேல் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் அழுதாள். ஒரே காலையில் இரண்டு பிள்ளைகள் போயாயிற்று அவளுக்கு. ஒன்றுக்குத் துக்கம் கேட்க ஆளில்லை, இன்னொன்றை இனிமேல் தூரத்திலிருந்து பார்ப்பதும் குற்றம். எனக்குத் தேற்றத் தெரியவில்லை. எழுந்திருடி, பஸ் வந்துவிடும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழே ஏரியில் நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தண்ணீர் குடிக்கக் கரையேறியவள், எங்களைப் பார்த்துவிட்டு நின்றாள். மாலையைப் பார்த்தாள், சின்னப் பாவாடையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா? யாரு?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். இந்தப் பொய் ஆரம்பித்த நாளிலிருந்து அதைத் திட்டித் தீர்த்தவள்.

"இவ பொண்ணும்மா" என்றேன். "செந்தாமரைன்னு பேரு. பன்னண்டு வயசு. காய்ச்சல்ல போய்ட்டா."

"ஐயோ சாமி!" அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, மண் கையோடு கோவிந்தம்மாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "அழுவும்மா, வாய்வுட்டு அழுவு. அடக்கி வெக்காத. பெத்த வயிறு எப்டித் தாங்கும்?"

கோவிந்தம்மா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "என் கண்ணு செந்தாமர" என்று ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினாள். கீழே மண் வெட்டிக்கொண்டிருந்த மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் கூடைகளை அங்கங்கே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாகக் கரையேறி வந்தார்கள்.